பசித்த ஈஸ்ட் சொன்ன பதில்

பேக்கரி பன்னை இரண்டாகப் பிய்த்தால் உள்ளே குட்டிக் குட்டியாக ஓட்டைகள் தெரியும், கவனித்திருப்பீர்கள். அத்தனையும் ஈஸ்ட் விட்ட மூச்சு! மாவில் இருக்கிற சர்க்கரையைத் தின்றுவிட்டு அது வெளியே விட்ட கார்பன் டை ஆக்ஸைடு, தப்பிக்க வழியில்லாமல் மாவை உப்பவைத்து, அடுப்புச் சூட்டில் அப்படியே ஓட்டையாக நின்றுபோய்விட்டது. ரொட்டி, பீர், ஒயின் என்று மனிதன் இந்தக் குட்டிப் பூஞ்சையிடம் ஆயிரக்கணக்கான வருடங்களாக வேலை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

ஈஸ்ட் ஒரு மகா சிக்கனப் பேர்வழி. உடம்பே ஒரே ஒரு செல்தான். அதற்குள் சுமார் 6,000 ஜீன்கள். நம்முடைய ஜீன்களுக்குள் அர்த்தமில்லாதவை போலத் தோன்றும் துண்டுகள் எக்கச்சக்கமாக மண்டிக் கிடக்கின்றன. ஈஸ்ட் அப்படியில்லை. அந்த மாதிரித் துண்டுகளில் பெரும்பாலானவற்றை என்றைக்கோ வெளியே தள்ளிவிட்டு, போகிப் பண்டிகை முடிந்த வீடு மாதிரி சுத்தமாக வைத்திருக்கிறது. ஆனால், சுமார் 300 துண்டுகளை மட்டும் விடாப்பிடியாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் அந்த 300?

சின்னக் கேள்விதான். உருப்படியான பதில் வருவதற்கு நாற்பது வருடம் ஆயிற்று. நடுவில் நோபல் பரிசுகள், ஒரு நெருடலான ஓரவஞ்சனை, யாருக்கும் அர்த்தம் புரியாமலே பத்திரப்படுத்தப்பட்ட பத்து ஈஸ்ட் ரகங்கள், கண் பார்வையைப் பறிக்கும் ஒரு நோய் என்று கதை எங்கெங்கோ போகிறது. வாருங்கள், கூடவே போவோம்.

முதலில் அந்தத் துண்டுகள் என்ன என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ பயாலஜி நடத்தப் போவதில்லை. நானே காமர்ஸ் க்ரூப்!

சினிமாவை ஃபிலிமில் எடுத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் நெகட்டிவ் லேபில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எடுத்த ஒரு பிரதிதான் எடிட்டர் மேஜைக்கு வரும். அதில் கிளாப் அடிப்பது, லைட்மேன் குறுக்கே போவது, ஹீரோ வசனத்தை மறந்துவிட்டு நாக்கைக் கடிப்பது எல்லாமே இருக்கும். எடிட்டர் வேண்டாததை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, வேண்டியதை அடுத்தடுத்து ஒட்டுவார். அந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு ‘ஸ்ப்ளைஸிங்’ என்று பெயர்.

செல்லுக்குள் நடப்பதும் இதுதான். பெயரும் அதேதான். டி.என்.ஏ. என்பது ஒரிஜினல் நெகட்டிவ். செல்லின் உட்கருவை விட்டு அது வெளியே வராது. ஒரு புரோட்டீன் தேவைப்படும்போது, அதற்கான ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. என்கிற பிரதி எடுக்கப்படும். அதில் வேண்டாத துண்டுகளும் சேர்ந்தே வரும். அவற்றின் பெயர் இன்ட்ரான். வேண்டிய துண்டுகள், எக்ஸான். இன்ட்ரான்களை வெட்டிவிட்டு எக்ஸான்களை ஒட்டினால் கிடைக்கிற ஃபைனல் காப்பிதான் மெஸெஞ்சர் ஆர்.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வந்து ரைபோஸோம் என்கிற தியேட்டருக்குப் போகும். அங்கே அது படிக்கப்பட்டுப் புரோட்டீன் தயாராகும். கதை முடிந்தது.

இன்றைக்கு இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1977 வரை இப்படி ஒரு எடிட்டிங் நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது! அதுவரை பாக்டீரியாக்களின் ஜீன்களைத்தான் விலாவாரியாக ஆராய்ந்திருந்தார்கள். அங்கே ஜீன் என்பது ஆரம்பம் முதல் முடிவு வரை இடைவெளியே இல்லாத ஒரே வாக்கியம். மனிதனுக்கும் மாட்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது ஒரு ஜலதோஷ வைரஸ். பெயர் அடினோ வைரஸ். அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் அதைத் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தன. பாஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் எம்.ஐ.டி.யில் ஃபிலிப் ஷார்ப்பின் குழு. நியூயார்க்குக்குப் பக்கத்தில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழு.

அவர்கள் செய்த பரிசோதனையைப் புரிந்துகொள்ள ஒரு ஜிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. பிரதியை அது பிறந்த டி.என்.ஏ.வோடு சேர்த்துவைத்தால், பல்லோடு பல் கச்சிதமாகப் பொருந்தி ஜிப் மாதிரி மூடிக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் பொருந்தியிருந்தது. அப்புறம் டி.என்.ஏ. தனியே பிதுங்கி ஒரு வளையமாகத் தொங்கியது. மறுபடி பொருந்தியது. மறுபடி ஒரு வளையம். மறுபடியும்! ஆக, நெகட்டிவில் இருக்கிற நீள நீளமான பகுதிகளைப் பிரதியில் காணோம். யாரோ நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

1977 கோடையில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த கருத்தரங்கில் இந்த விஷயம் வெளியே வந்தது. அறிவியல் உலகம் ஆடிப்போனது. அடுத்த வருடம் வால்டர் கில்பர்ட் என்கிற விஞ்ஞானி இன்ட்ரான், எக்ஸான் என்ற பெயர்களைச் சூட்டினார். 1993ல் ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சரி... மைக்ராஸ்கோப்பில் அந்த வளையங்களைப் பார்த்தது யார்? எம்.ஐ.டி. குழுவில் சூசன் பெர்ஜெட், கிளேர் மூர். ஷார்ப்போடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரையில் முதலில் இருக்கும் பெயரே பெர்ஜெட்டுடையதுதான். இன்னொரு பக்கம், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் அந்தப் படங்களை எடுத்தவர் லூயிஸ் சௌ. அந்தக் குழுவின் கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையதே. ஒரு துறையின் நோபல் பரிசை ஒரே வருடத்தில் மூன்று பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பது விதி. 1993ல் கொடுத்ததோ இரண்டே பேருக்கு. மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது!

சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த கேள்விக்கு வருவோம். யார் அந்த எடிட்டர்? செல்லுக்குள் கத்தரி வைத்திருப்பது யார்?

மனித செல்லில் இதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஏகப்பட்ட பாகங்கள், ஏகப்பட்ட வெட்டுகள். ஒவ்வொரு பாகமாகக் கெடுத்துவிட்டு, ‘இப்போது என்ன ஆகிறது?’ என்று பார்க்க, வேகமாக வளரும், சொன்னபடி கேட்கும் ஒரு பிராணி வேண்டும். 1980ல் ஈஸ்ட்டின் ஆக்டின் என்கிற ஜீனுக்குள் ஓர் இன்ட்ரான் இருப்பது தெரிந்தது. அடடா, இந்தப் பொடியனும் வெட்டி ஒட்டுகிறானா? விஞ்ஞானிகள் ஈஸ்ட் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது, பாதி வேலை பத்து வருடங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. செய்தவருக்கே தெரியாமல்!

அவர் பெயர் லீலண்ட் ஹார்ட்வெல். 1960களின் நடுவில் கலிஃபோர்னியாவில், இர்வைன் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இளம் விஞ்ஞானி. ஈஸ்ட்டை ஒரு ரசாயனத்தால் தாக்கி, ஜீன்களில் கன்னாபின்னாவென்று பிழைகளை உண்டாக்கினார். அப்புறம் அதில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் பொறுக்கினார். 23 டிகிரி வெப்பத்தில் சமர்த்தாக வளர வேண்டும், 36 டிகிரிக்கு ஏற்றினால் மக்கர் செய்ய வேண்டும். ஏன் இந்த வினோத நிபந்தனை? உயிருக்கு அத்தியாவசியமான ஜீனை முழுசாகக் கெடுத்தால் ஈஸ்ட் செத்துவிடும், ஆராய்ச்சி செய்ய எதுவும் மிஞ்சாது. சூட்டில் மட்டும் கெடுகிற மாதிரி இருந்தால், குளிரில் வளர்த்துக்கொண்டு, வேண்டும்போது சூடேற்றி எது நிற்கிறது என்று பார்க்கலாம். பிரமாதமான தந்திரம்!

1967ல் அவர் இந்த ரகங்களைப் பற்றி எழுதினார். 1970ல் ஜொனாதன் வார்னர் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் பத்து ஜீன்கள். ஆர்.என்.ஏ.-2 முதல் ஆர்.என்.ஏ.-11 வரை அவற்றுக்கு நம்பர் போட்டிருந்தார்கள். இந்தப் பத்தில் எது கெட்டாலும், சூட்டில் ஈஸ்ட்டால் புது ரைபோஸோம் கட்ட முடியவில்லை. ஆகவே, ரைபோஸோம் கட்டுமானத்தை நடத்தும் ஜீன்கள் இவை என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு ஸ்ப்ளைஸிங் என்ற விஷயமே உலகத்துக்குத் தெரியாதே! ஹார்ட்வெல் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்த ஈஸ்ட் ரகங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன.

1981. பாஸ்டன் அருகே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்பாஷின் குழு, ஹார்ட்வெல் விட்டுச்சென்ற ஆர்.என்.ஏ.-2 ரகத்தை எடுத்துச் சூடேற்றியது. உள்ளே பார்த்தால், ரைபோஸோம் புரோட்டீன்களுக்கான ஆர்.என்.ஏ. எல்லாம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. காரணம், இன்ட்ரான் வெட்டப்படவில்லை! எடிட்டர் சீட்டில் ஆளில்லாததால் பிரதிகள் அப்படியே குவிந்துகிடந்தன. ஹார்ட்வெல் பிடித்துவைத்திருந்தது ரைபோஸோம் கட்டும் கொத்தனார்களை அல்ல, எடிட்டிங் அறையின் ஆட்களை!

சரி, எடிட்டர் போனால் எல்லாப் படமும்தானே நிற்க வேண்டும், ஏன் ரைபோஸோம் மட்டும் அவ்வளவு பளிச்சென்று நின்றது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1996ல் சுமார் 600 விஞ்ஞானிகள் சேர்ந்து, 1 கோடியே 20 லட்சம் எழுத்துக்கள் கொண்ட ஈஸ்ட்டின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து முடித்தார்கள். இன்ட்ரான் இருப்பது நூறில் ஐந்து ஜீன்களில்தான் என்று தெரிந்தது. ஆனால், ரைபோஸோமுக்குப் புரோட்டீன் தயாரிக்கும் 137 ஜீன்களை எடுத்துக்கொண்டால், சுமார் நூறில் இன்ட்ரான் இருக்கிறது! எங்குமே இல்லாத பொருள் ஓர் இலாகாவில் மட்டும் குவிந்துகிடக்கிறது என்றால், ஆடிட்டர் சும்மா விடுவாரா?

1970 கட்டுரையில் கூட இருந்த அதே ஜொனாதன் வார்னர், 1999ல் ஈஸ்ட்டின் ரைபோஸோம் தயாரிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே ‘பொருளாதாரம்’ என்ற வார்த்தை இருக்கிறது. வரவுசெலவுக் கணக்குத்தான்! நன்றாக வளரும் ஒரு ஈஸ்ட் செல், நிமிடத்துக்கு 2,000 ரைபோஸோம் கட்டுகிறது. அது செய்கிற மெஸெஞ்சர் ஆர்.என்.ஏ. எடிட்டிங்கில் சுமார் 90 சதவிகிதம் ரைபோஸோம் புரோட்டீன்களுக்காகவே. ஒரு கம்பெனியின் மொத்தச் செலவில் முக்கால்வாசி ஒரே இலாகாவுக்குப் போனால், சம்பளம் போடவே காசில்லாத மாதம் முதலில் கைவைக்க வேண்டிய இடமும் அதுதான். இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஹார்ட்வெல்லின் பத்து ஜீன்களுக்குப் பிற்பாடு பி.ஆர்.பி. என்று பெயர் மாற்றினார்கள். தேடத் தேட வரிசை நீண்டது. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் ஜான் ஏபல்சனின் குழுவிலிருந்து 1989ல் ஒரு புதிய பட்டியல் வெளிவந்தது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் உஷா விஜயராகவன். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, அங்கும் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர். எடிட்டர் என்பது ஒரு ஆள் அல்ல, ஐந்து குட்டி ஆர்.என்.ஏ.க்களும் ஏராளமான புரோட்டீன்களும் ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாகக் கூடிக் கலைகிற ஒரு பெரிய யூனிட் என்று தெரிந்தது. அதற்கு ஸ்ப்ளைஸோஸோம் என்று பெயர்.

‘எல்லாம் சரி ஸார், ஈஸ்ட் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஹார்ட்வெல்லின் பட்டியலில் எட்டாம் நம்பர் ஜீன் ஒன்று இருந்தது அல்லவா? அது ஸ்ப்ளைஸோஸோமின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும் புரோட்டீனுக்கான ஜீன். நம் உடம்பிலும் அது இருக்கிறது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோஸா என்ற பரம்பரைக் கண் நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலில் இருட்டில் பார்வை தெரியாது. அப்புறம் ஓரங்கள் மறைந்து, பார்வை குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கிக்கொண்டே போகும். சில குடும்பங்களில் இந்த நோய்க்குக் காரணம் அந்த எட்டாம் நம்பர் ஜீனில் இருக்கும் பிழை என்று 2001ல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே மூன்றாம் நம்பரும் அதே குற்றத்துக்காக மாட்டியது. 1970ல் ஈஸ்ட்டின் ரைபோஸோமைப் பற்றி எழுதியவர்கள், தங்கள் பட்டியலில் மனிதனின் கண் இருக்கிறது என்று எப்படி நினைத்திருப்பார்கள்?

இன்னொன்று, நம் நாட்டு விஷயம். பீட்டா தலசீமியா. ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதிய அளவு உற்பத்தியாகாத பரம்பரை நோய். கடுமையாக வந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நோய்க்குக் காரணமான பிழைகளில், இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படுவது எது தெரியுமா? பீட்டா குளோபின் ஜீனில், முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து. ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’. அவ்வளவுதான்!

கவனித்தீர்களா? பிழை இருப்பது புரோட்டீனை எழுதும் எக்ஸானில் அல்ல. வெட்டி வீசப்படப் போகிற இன்ட்ரானில். வீசப்படப் போகிற துண்டில் ஓர் எழுத்து மாறினால் எங்கே வெட்ட வேண்டும் என்று கத்தரிக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இடம் மாறி வெட்டுகிறது. ஒரு குழந்தையின் வாழ்க்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போகிறது. வெட்டுவது அவ்வளவு நுட்பமான காரியம். ஒரே ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் மிச்ச வாக்கியம் முழுக்க உளறலாகிவிடும்.

இத்தனை ஆபத்து, இத்தனை செலவு இருக்கிற ஒரு வேலையை, சிக்கனப் பேர்வழியான ஈஸ்ட் ஏன் இன்னும் விடாமல் செய்துகொண்டிருக்கிறது?

ஒரு விடை மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. எடிட்டிங் என்பது ஒரு குழாய்த் திருகு மாதிரி. திறக்கலாம், மூடலாம்.

இதற்கு முதல் நல்ல உதாரணத்தைக் காட்டியதும் நம் வார்னர்தான். 1986ல் அவருடைய குழு ஒரு ரைபோஸோம் புரோட்டீனைப் பிடித்தது. இப்போது அதன் பெயர் எல்-30. செல்லில் இந்தப் புரோட்டீன் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், அது நேராகப் போய்த் தன்னுடைய ஜீனின் ஆர்.என்.ஏ. பிரதியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. இன்ட்ரானை வெட்ட விடுவதில்லை. கோடௌன் நிரம்பியதும் சரக்கே எழுந்துபோய் மெஷினை நிறுத்துகிற கதை! ஸ்டாக் குறைந்தால் உட்கார ஆளிருக்காது, மெஷின் தானாக ஓடும்.

1991ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷர்லீன் ரோடரின் குழு இன்னொரு வித்தையைக் காட்டியது. சாப்பாடு தீர்ந்து நெருக்கடி வந்தால், ஈஸ்ட் தன்னுடைய டி.என்.ஏ.வைக் கலைத்துப் பங்குபோட்டு, நான்கு வித்துகளாகப் பிரிந்து, கெட்டியான ஓட்டுக்குள் முடங்கிவிடும். நல்ல காலம் வரும்வரை தூக்கம். இந்த நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் மெர்-2 என்ற புரோட்டீன் ஒன்று உண்டு. அதன் ஆர்.என்.ஏ. பிரதி எப்போதும் எடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் சரியாக எடிட் ஆகாமல் உபயோகமில்லாமல் போகிறது. வித்தாக மாறும் நேரம் வந்தால்தான் மெர்-1 என்ற புரோட்டீன் தலைகாட்டும். அது வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கத்தரி அந்த இன்ட்ரானைத் தொடும்.

இவை ஒன்றிரண்டு தனிக் கதைகள். மொத்த ஜீன்களையும் ஒரே நேரத்தில் கண்காணிக்கிற கருவிகள் வந்த பிறகு, படம் பெரிதானது. 2007ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிறிஸ்டின் கத்ரியின் குழு, ஈஸ்ட்டுக்கு அமினோ அமிலங்கள் கிடைக்காமல் பட்டினி போட்டது. சில நிமிடங்களுக்குள் ரைபோஸோம் புரோட்டீன் ஜீன்களின் எடிட்டிங் சரசரவென்று குறைந்தது. சரி, அதிர்ச்சியில் எடிட்டரே சுருண்டுவிட்டாரோ? இல்லை. இன்னொரு பரிசோதனையில் சாராயத்தை அதிகமாக ஊற்றினார்கள். அப்போது பாதிக்கப்பட்டவை வேறு ஜீன்கள். ஆக, எந்த நெருக்கடிக்கு எந்தக் குழாயை மூடுவது என்று ஈஸ்ட்டுக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

2013ல் கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸில் மானுவல் ஏரிஸின் குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. முகூர்த்த மாதத்தில் அச்சகத்துக்குப் போய் நூறு விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்துப் பாருங்கள். ‘கல்யாணப் பத்திரிகை தலைக்கு மேல கிடக்கு ஸார், அப்புறம் பார்க்கலாம்’ என்பார்கள். ஆடி மாதம் போனால் ராஜ மரியாதை. ஸ்ப்ளைஸோஸோமும் அப்படித்தான். ரைபோஸோம் ஆர்டர்கள் குவிந்திருக்கும்வரை சின்ன ஜீன்களை அது சரியாகக் கவனிப்பதில்லை. பசி வந்து ரைபோஸோம் வேலை குறைந்ததும், கை ஓய்ந்த ஸ்ப்ளைஸோஸோம் மற்ற ஜீன்களைப் பார்த்துப் பார்த்து வெட்டிக் கொடுக்கிறது. வித்தாக மாறத் தேவையான ஜீன்கள் சில அந்தச் சமயத்துக்காகவே காத்திருக்கின்றன!

ஆனாலும் மூலக் கேள்வி அப்படியே நின்றது. குழாய்த் திருகு என்று நிரூபிக்கப்பட்ட இன்ட்ரான்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம்?

1987ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரால்ட் ஃபிங்க், ஈஸ்ட் தன் இன்ட்ரான்களை எப்படித் தொலைத்தது என்பதற்கு ஓர் அழகான விளக்கம் சொல்லியிருந்தார். எடிட் செய்து முடித்த பிரதியிலிருந்து எப்போதாவது தலைகீழாக ஒரு டி.என்.ஏ. தயாராகிவிடும். அது போய் ஒரிஜினல் நெகட்டிவ் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான், அந்த ஜீனில் இனிமேல் இன்ட்ரான் கிடையாது. இப்படித் தலைகீழாகப் பிரதி எடுக்கும் வேலை வால் பக்கம் ஆரம்பித்து, பல சமயம் தலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுபோகும். அதனால்தான் ஈஸ்ட்டில் மிஞ்சியிருக்கும் இன்ட்ரான்கள் பெரும்பாலும் ஜீனின் தலைப்பக்கமாகவே இருக்கின்றன என்றார் ஃபிங்க்.

தொலைந்தவை எப்படித் தொலைந்தன என்பதற்குப் பதில் வந்துவிட்டது. மிஞ்சியவை ஏன் மிஞ்சின என்பதற்கு? அதிர்ஷ்டவசமாகத் தப்பிய பழைய பாக்கி என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அப்படிச் சொல்லத் தூண்டுகிற ஆதாரமும் வந்தது. கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் ஷெரீஃப் அபூ எலெலாவின் குழு ஈஸ்ட்டிலிருந்து ஏராளமான இன்ட்ரான்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் பார்த்தது. 2008ல் வந்த முடிவின்படி, பெரும்பாலான ஈஸ்ட்டுகள் ‘ஓ, போய்விட்டதா?’ என்று தம்பாட்டுக்கு வளர்ந்தன. இன்ட்ரான் இல்லாமல் முடியவே முடியாது என்று தவித்தவை கொஞ்சம்தான்.

பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகியவன் என்ன சொல்வான்? உபயோகமில்லாத சரக்கு, எழுதித் தள்ளிவிடுங்கள்!

ஷெர்புரூக் குழு எழுதித் தள்ளவில்லை. பரிசோதனைக் குடுவைக்குள் ஈஸ்ட் எப்படி வாழ்கிறது? வேளாவேளைக்குச் சர்க்கரை, சத்து, இதமான வெப்பம். மாமியார் வீட்டில் தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி கவனிப்பு! வெளியே, பழத்தோலிலும் மரப்பட்டையிலும் வாழும் ஈஸ்ட்டுக்கு அப்படியா? ஒருநாள் விருந்து, ஒன்பது நாள் பட்டினி. ஆகவே இந்தமுறை ஈஸ்ட்டின் தெரிந்த இன்ட்ரான்கள் அத்தனையையும் குறிவைத்தார்கள். ஒவ்வோர் ஈஸ்ட் ரகத்திலும் ஓர் இன்ட்ரானை நீக்கி, முழு இன்ட்ரான்களோடு இருக்கும் சாதாரண ஈஸ்ட்டோடு போட்டி போடவிட்டு, சாப்பாடு தீரும்வரை காத்திருந்தார்கள்.

சாப்பாடு தீர்ந்ததும் கதை மாறியது. ஓர் இன்ட்ரானை மட்டும் இழந்த ஈஸ்ட் ரகங்களில் பெரும்பாலானவை பின்தங்கின. இன்ட்ரானோடு இருந்தவை தாக்குப்பிடித்தன. இதில் பெரிய வியப்பு என்னவென்றால், அந்த ஜீன் தயாரிக்கும் புரோட்டீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மெஸெஞ்சர் ஆர்.என்.ஏ.விலிருந்து புரோட்டீன் தயாராகாமல் தடுத்தாலும், இன்ட்ரான் இருந்தாலே போதும், பட்டினியைத் தாங்க அது உதவியது. வெட்டிப்போட வேண்டிய துண்டுதான் வேலை செய்கிறது!

2019 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவு வந்தது. அதே சமயம், அதே இதழில் எம்.ஐ.டி. பக்கமிருந்தும் ஒரு கட்டுரை. அவர்கள் வேறு வழியாக வந்து அதே ஊரில் இறங்கியிருந்தார்கள். சாதாரணமாக வெட்டிப்போட்ட இன்ட்ரானைச் செல் உடனே அழித்துவிடும். ஆனால் ஈஸ்ட் வளர்ந்து, நெரிசலாகி, சாப்பாடு குறையும்போது 34 இன்ட்ரான்கள் மட்டும் அழிக்கப்படாமல் குவிகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அவற்றில் சிலவற்றை நீக்கிவிட்டு, ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று ஈஸ்ட்டை நம்பவைக்கும் ராபமைஸின் மருந்தைக் கொடுத்தால், அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் அது மளமளவென்று வளர்கிறது. அந்த மாதிரி இன்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி அடங்குகிறது.

இரண்டு குழுக்களும் விவரங்களில் ஒத்துப்போகவில்லை. இன்ட்ரான் எந்த வழியில் வேலை செய்கிறது என்பதில் இருவர் சொல்வதும் வேறு வேறு. ஆனால் திசை ஒன்றுதான். பசி வரும்போது, செல்லின் வளர்ச்சிக்கு பிரேக் போடுவதில் இன்ட்ரான்களுக்குப் பங்கு இருக்கிறது. ஷெர்புரூக் கட்டுரையின்படி அந்த பிரேக் விழுகிற இடம், ரைபோஸோம் புரோட்டீன் ஜீன்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? செலவு அதிகமான அந்த இலாகாதான்!

எம்.ஐ.டி. கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் பெயரைப் பாருங்கள். ஜெரால்ட் ஃபிங்க். 1987ல் ஈஸ்ட் தன் இன்ட்ரான்களைத் தொலைத்த கதையைச் சொன்ன அதே ஃபிங்க். 32 வருடம் கழித்து, தொலைக்காமல் வைத்துக்கொண்டவற்றின் கதையையும் சொல்லிவிட்டார்.

ஹார்ட்வெல்? செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று அதே ஈஸ்ட்டை வைத்துக் கண்டுபிடித்து 2001ல் நோபல் வாங்கினார். ராஸ்பாஷ் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்து 2017ல் நோபல் வாங்கினார். இந்தக் கதையில் அவர்கள் செய்த வேலைக்கு எந்தப் பரிசும் இல்லை. 1967ல் பொறுக்கி எடுத்த ஈஸ்ட்டுகளை, ‘இதற்கு அர்த்தம் புரியவில்லை’ என்று யாரும் சாக்கடையில் கொட்டிவிடவில்லை என்பதற்கு மட்டும் கண் டாக்டர்கள் ஒரு நன்றி சொல்லலாம்.

அந்த 300ல் இன்னும் விடை தெரியாதவை இருக்கின்றன. 2008ல் ஷெர்புரூக்காரர்கள் கேட்டபோதும் அது இதே ஈஸ்ட், இதே இன்ட்ரான்தான். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. காரணம், அன்றைக்கு அதற்கு வயிறு நிறைந்திருந்தது. அதைப் பட்டினி போட்டுவிட்டுக் கேட்டார்கள். சொல்லிவிட்டது.